இலையின் அடிப்பக்கம்



தலவாக்கலையிலிருந்து நானுஓயாவுக்குப் போகும் வழியில் லிந்துலை என்றொரு சிறிய ஊர் உண்டு. அதைச் சுற்றியுள்ள தோட்டங்களில் ஒன்றின் லயத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். எங்கள் காம்பராவின் மூலையில் ஒரு தகரப்பெட்டி இருந்தது. அதற்குள் என் தாத்தாவின் வேதப்புத்தகம் இருந்தது. அட்டை கழன்று, முதுகில் துணி ஒட்டி, அடுப்புப் புகையேறிப் பழுப்பாகிப்போன புத்தகம். அதன் பக்க ஓரங்களில் தாத்தா பென்சிலால் எழுதிய குறிப்புகள் நிறைய உண்டு. அவற்றுள் பெரும்பாலானவை கேள்விகள்.

தாத்தா ஒரு தோட்டத்து உபதேசியார். மாலையானதும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, அரிக்கன் லாம்பைக் கையில் தூக்கிக்கொண்டு, ஒரு டிவிசனிலிருந்து இன்னொரு டிவிசனுக்கு நடந்துபோய் ஜெபக்கூட்டம் நடத்துவார். சிறுவனாக நானும் பின்னால் போயிருக்கிறேன். கூட்டம் முடியும்போது அவர் தவறாமல் ஒன்று சொல்வார்: "நான் சொல்றேன்னு நம்பிராதீங்க. வீட்டுக்குப் போய் புஸ்தகத்தைத் தொறந்து பாருங்க. அதுல இல்லைன்னா நாளைக்கு வந்து என்னையக் கேளுங்க." யாரும் வந்து கேட்டதாக எனக்கு நினைவில்லை. வாசிக்கத் தெரிந்தவர்கள் அந்த லயத்தில் இரண்டு மூன்று பேரே இருந்தார்கள்.

தாத்தா இறந்து இருபத்தைந்து ஆண்டுகளின் பின், 1999ஆம் ஆண்டில், அந்தச் சொல்லின் பெறுமதி எங்களுக்குத் தெரியவந்தது. அந்த ஆண்டின் நடுப்பகுதியில் வெளியூரிலிருந்து ஒரு போதகர் எங்கள் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார். நல்ல குரல். வேதவசனங்கள் அவர் வாயிலிருந்து மழைபோலக் கொட்டும். இரண்டாயிரமாம் ஆண்டு பிறக்குமுன் உலகம் முடிந்துவிடும் என்றார். கர்த்தர் வரப்போகிற நேரத்தில் காசைப் பூட்டிவைப்பது அவிசுவாசம் என்றார். மருந்து குடிப்பதும் அவிசுவாசமே என்றார்.

எங்கள் பெரியம்மாவுக்கு அப்போது சீனி வருத்தம். கொழுந்தெடுத்து ஓய்ந்து, ஊழியர் சேமலாப நிதிப் பணமும் கைக்கு வந்திருந்தது. அந்தப் பணத்தில் பெரும்பகுதி போதகர் கைக்குப் போயிற்று. குளிசைகளைப் பெரியம்மா கானில் வீசிவிட்டார். நாங்கள் சொல்லிப் பார்த்தோம். "ஒனக்கு விசுவாசம் பத்தாது தம்பி" என்று என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்.

2000ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி ஒரு சனிக்கிழமை. பனி வழக்கம்போலக் கவிந்திருந்தது. வழக்கம்போலவே பிரட்டுக்கு ஆட்கள் போனார்கள். போதகர் அதற்குச் சில நாட்களுக்கு முன்னரே புறப்பட்டுப் போயிருந்தார். பெரியம்மாவின் காலில் வந்த புண் ஆறவில்லை. மார்ச் மாதத்தில் கால்விரல்கள் இரண்டை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. ஆனால் அதைவிடப் பெரிய இழப்பு இன்னொன்று இருந்தது. ஜெபத்துக்கு வாருங்கள் என்று கூப்பிட்டால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஏமாற்றிய மனிதரையும் தெய்வத்தையும் பிரித்துப் பார்க்க அவரால் முடியவில்லை.

அவர் படிப்பில்லாதவர், ஆகவே ஏமாந்தார் என்று சொல்லிக் கடந்துபோகலாம். எனக்கு அப்படிக் கடந்துபோக முடியவில்லை. இந்த மலைகளுக்கு வேதம் வந்து அப்போது ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அவ்வளவு காலமும் இருந்த ஒன்று ஆறே மாதத்தில் எப்படிக் கலைந்துபோயிற்று? இந்தக் கேள்வியே என்னைப் பழைய வரலாற்றைத் தேடவைத்தது. அந்தத் தேடலில் கிடைத்தவற்றையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

மலையகத்துத் தோட்டங்களில் சீர்திருத்தத் திருச்சபையின் ஒழுங்கான பணி 1854இல் தொடங்கியது. அந்தப் பணிக்குத் 'தமிழ்க் கூலி மிஷன்' என்று பெயர். பெயரிலேயே அக்காலத்தின் கண் தெரிகிறது. சர்ச் மிஷனரி சங்கத்தோடு கோப்பித்தோட்டத் துரைமார் சிலரும் சேர்ந்து அதற்குப் பணம் கொடுத்தார்கள். போதிப்பதற்குத் திருநெல்வேலியிலிருந்து தமிழ் உபதேசியார்கள் வந்தார்கள். அன்று இந்த மலைகளுக்கு ரயில் இல்லை. நானுஓயாவுக்கு ரயில் வந்தது 1885இல்தான். மன்னார்க் கரையில் இறங்கிய தொழிலாளர் காட்டுப் பாதையில் தம்புள்ளை, மாத்தளை என்று நடந்தே வந்தார்கள். வாந்திபேதியால் வழியிலே விழுந்தவர்கள் பலர். என் தாத்தாவின் தகப்பனாரும் அப்படி நடந்து வந்தவரே. அவருக்கு எழுத்தறிவித்தவர் ஒரு திருநெல்வேலி உபதேசியார் என்று தாத்தா சொல்வார்.

அந்த உபதேசியார்கள் வெறுங்கையோடு வரவில்லை. அவர்களுக்குப் பின்னால் தமிழில் வேதம் வந்த நீண்ட கதை இருந்தது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி நிறைவேறியது. இலங்கையில் ஒல்லாந்தர் காலத்தில், இந்நாட்டவரான பிலிப்பு தெ மெல்லோ செய்த புதிய ஏற்பாடு 1759இல் கொழும்பில் வெளிவந்தது. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் தமிழ் இலக்கணமும் எழுதினார், புதிய ஏற்பாட்டையும் திரும்ப மொழிபெயர்த்தார், ஊர் ஊராக உபதேசியார்களையும் உருவாக்கினார். 1871இல் பவர் ஐயர் தலைமையில் திருத்தி முடிக்கப்பட்ட மொழிபெயர்ப்பே பிற்காலத்தில் எங்கள் வீட்டுத் தகரப்பெட்டி வரைக்கும் வந்தது.

இந்தக் கதையில் நம் நாட்டுக்குரிய ஒரு சுவையான கிளையும் உண்டு. யாழ்ப்பாணத்தில் பீற்றர் பார்சிவல் பாதிரியார் வேதத்தைத் தமிழாக்கிய 1840களில், அவருக்குத் துணைநின்ற தமிழறிஞர் வேறு யாருமல்லர், ஆறுமுக நாவலரே. அதே நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பிள்ளைகளுக்குப் பாடசாலை திறந்தார். அச்சகம் நிறுவினார். பால பாடங்களும் சைவ வினாவிடையும் எழுதினார். சைவர்கள் தம் சமயத்தை விட்டுப் போகாதிருக்க என்ன செய்யலாம் என்று அவர் யோசித்தபோது, பிறர் சொல்வதைக் கேட்காதே என்று காதைப் பொத்திவிடவில்லை. உன்னுடையதை நீ நன்றாகப் படி என்று புத்தகத்தைக் கையில் கொடுத்தார். நான் கிறிஸ்தவன், அவர் வாதிட்டதோ எங்களுக்கு எதிராக. ஆயினும் காவலுக்கும் வளர்ச்சிக்கும் உள்ள உறவை அவர் எங்களில் பலரைவிட நன்றாக அறிந்திருந்தார் என்றே நினைக்கிறேன்.

இனித் திருநெல்வேலிக்குச் செல்வோம். எங்கள் உபதேசியார்கள் புறப்பட்டு வந்த அதே மண்ணில், 1860இல், ஒரு பெரிய எழுப்புதல் உண்டாயிற்று. அதன் நடுவில் இருந்தவர் ஜான் கிறிஸ்தியன் அருளப்பன். ரேனியஸிடம் படித்தவர், எந்த அந்நிய சங்கத்தின் சம்பளமும் வாங்காமல் கிறிஸ்தியான்பேட்டை என்ற குடியிருப்பை அமைத்தவர். மக்கள் அழுதார்கள், பாவங்களை அறிக்கையிட்டார்கள், கூட்டங்கூட்டமாக ஊர்களுக்குப் போய்ப் போதித்தார்கள். அந்த அலை 1870களில் மலைகளைத் தாண்டித் திருவிதாங்கூருக்கும் பரவியது. அங்கேதான் இன்றைய என் கதைக்கு மிக வேண்டிய மனிதர் இருந்தார்.

அவர் பெயர் யுஸ்தூஸ் யோசேப்பு. மக்கள் அழைத்த பெயர் வித்துவான் குட்டி. தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து, 1861இல் குடும்பத்தோடு ஞானஸ்நானம் பெற்று, சர்ச் மிஷன் சபையில் குருவாக உயர்ந்தவர். இசையும் சமஸ்கிருதமும் கற்றவர். அவர் இயற்றிய மலையாளக் கீர்த்தனைகள் இன்றைக்கும் கேரளத்துத் தேவாலயங்களில் பாடப்படுகின்றன. எழுப்புதல் நாட்களில் அவரைச் சுற்றிப் பெருங்கூட்டம் கூடிற்று. 1875இல் அந்தக் கூட்டத்தில் ஒரு தரிசனச் செய்தி எழுந்தது: கிறிஸ்து இன்னும் ஆறு வருடத்தில் வருவார் என்று. வித்துவான் குட்டி அதை ஏற்றுக்கொண்டார். சபையை விட்டுப் பிரிந்தார். அவரைப் பின்பற்றியவர்களுக்கு 'ஆறு வருடக்காரர்' என்றே பெயர் வந்துவிட்டது.

1881 வந்தது; கடந்தும் போயிற்று. குறித்த நாளில் ஒன்றும் நடக்கவில்லை. பலர் பழைய சபைக்குத் திரும்பினார்கள். எஞ்சியவர்களோ செய்தி பொய்த்ததென்று சொல்ல மனமில்லாமல், அதற்கு வேறு பொருள் கண்டு, 'யுயோமயம்' என்ற புதிய மார்க்கமாகத் தொடர்ந்தார்கள்.

இந்த வரலாற்றை முதன்முதலில் வாசித்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் லயத்துக்கு வந்தவரை ஒரு திருடன் என்று நான் எளிதாக எண்ணிவிட்டிருந்தேன். வித்துவான் குட்டியை அப்படி எண்ண முடியாது. அவர் பணத்துக்காக எதையும் செய்யவில்லை. சாதியையும் சொத்தையும் இழந்து வந்தவர். பக்தி உண்டு, படிப்பு உண்டு, கண்ணீர் உண்டு. அவ்வளவும் இருந்தும் ஒரு தேதிக்கு முன்னால் நிலை தவறினார். பெரியம்மாவின் ஏமாற்றத்தைப் படிப்பின்மை என்ற ஒரே சொல்லால் மூடிவிட முடியாது என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது. அவரிடம் இருந்த படிப்பு ஒன்றாக இருக்க, இல்லாதுபோனது வேறொன்று. வந்த செய்தியை நிறுத்திவைத்துச் சோதிக்கும் பொறுமையும், சோதிப்பவனை அவிசுவாசி என்று தள்ளாத ஒரு சபையுமே அங்கு இல்லாதவை.

அதே ஆண்டுகளில் எங்கள் மலைகளிலும் ஓர் அழிவு நடந்துகொண்டிருந்தது. அதைச் சொல்வதற்கு முன் தாத்தா என்னிடம் கேட்ட ஒரு விடுகதையைச் சொல்ல வேண்டும். "மேல பாத்தா பச்சை, கீழ பாத்தா மஞ்சள், அதைப் பாக்காதவன் வீடு நாசம். அது என்னா?" எனக்கு விடை தெரியவில்லை. "கோப்பி எலைடா" என்றார்.

இன்று தேயிலை படர்ந்திருக்கும் லிந்துலை, திம்புள்ளைச் சரிவுகளில் அன்று இருந்தது கோப்பி. 1869இல் மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கோப்பி இலையில் ஒரு நோய் காணப்பட்டது. அது இலையின் அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் தூளாகப் படியும். மேலிருந்து பார்ப்பவருக்கு முதலில் பெரிதாக ஒன்றும் தெரியாது. நோயைக் கண்டும் துரைமார் பலர் அதைப் பொருட்படுத்தவில்லை. ஏனென்றால் 1870களில் கோப்பியின் விலை ஏறிக்கொண்டே போயிற்று. பழைய தோட்டங்களில் விளைச்சல் குறைந்தாலும், புதிய காடுகளை வெட்டிப் புதிய தோட்டங்கள் திறந்ததால் கணக்கில் இழப்புத் தெரியவில்லை. நோய்க்குக் காரணம் மழை என்றும் உரக்குறைவு என்றும் சொன்னார்கள்.

1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர் ஆராய்ச்சிக்காக இலங்கைக்கு வந்தார். அந்தத் தூள் ஒரு பூஞ்சணத்தின் வித்து என்பதையும், காற்றில் பறந்து ஈர இலையில் முளைத்து அது உள்ளே புகுகிறது என்பதையும் விளக்கினார். மலைக்கு மலை இடைவெளியின்றி ஒரே பயிரை நட்டுவைத்ததால் நோய்க்குத் தடையே இல்லாமற் போயிற்று. அவர் 1882இல் திரும்பிப் போகும்போது காலம் கடந்துவிட்டிருந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் இலங்கையில் கோப்பிக்காலம் ஓய்ந்தது. பல துரைமார் கடனாளிகளாயினர். தொழிலாளர் பலர் கூலி பாக்கியோடு ஊர் திரும்பினார்கள். மிஞ்சியவர்கள் தேயிலை நட்டார்கள்.

தாத்தாவின் விடுகதை வெறும் தோட்டக்கதையல்ல என்று இப்போது எண்ணுகிறேன். ஒரு சபையில் ஆட்கள் பெருகுகிறார்கள், பாட்டு ஓங்குகிறது, புதிய இடங்களில் கூட்டம் தொடங்குகிறது. மேலிருந்து பார்த்தால் எல்லாம் பச்சை. உள்ளே ஒவ்வொருவரும் வேதத்தை எவ்வளவு அறிந்திருக்கிறார்கள், ஒருவரோடொருவர் எப்படி நடக்கிறார்கள், பணம் எங்கே போகிறது என்று யாரும் இலையைத் திருப்பிப் பார்ப்பதில்லை. எங்கள் லயத்தில் போதகர் வந்த ஆறு மாதமும் கூட்டம் பெருகிக்கொண்டுதான் இருந்தது. அந்தப் பெருக்கத்தையே நாங்கள் ஆசீர்வாதத்தின் அடையாளமாக எடுத்துக்கொண்டோம்.

இந்த இடத்தில் நியாயமாக ஒரு கேள்வி எழும். எது பொய்ப்போதனை என்று தீர்மானிப்பவர் யார்? அதிகாரத்தில் இருப்பவர் கையில் இந்தச் சொல் ஒரு தடியாகவும் மாறியிருக்கிறது. முன்னே சொன்ன ரேனியஸையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலச் சபையின் குருப்பட்ட முறையைப் பற்றி அவர் எழுதிய விமர்சனத்துக்காக 1835இல் அவருடைய சங்கமே அவரை வேலையிலிருந்து நீக்கியது. நாசரேத்துப் பக்கத்தைச் சேர்ந்த அருமைநாயகம் சட்டாம்பிள்ளை 1857இல் 'இந்துக் கிறிஸ்தவ சபை' என்று தனியே பிரிந்து போனார். அவருடைய உபதேசத்தை மிஷனரிமார் கண்டித்தார்கள். ஆனால் அந்தப் பிரிவுக்குப் பின்னால், மிஷனரிமார் தம் மக்களைத் தாழ்வாக எழுதியும் நடத்தியும் வந்ததால் உண்டான புண் இருந்தது. அந்தப் புண்ணைப் பேசாமல் உபதேசத்தை மட்டும் கண்டிப்பது பாதி நீதி.

எங்கள் தோட்டத்து வரலாற்றையும் இதே கண்ணால் பார்க்க வேண்டியிருக்கிறது. துரைமாரின் பணத்தில் நடந்த ஒரு பணியில், கூலியைப் பற்றியும் கங்காணியின் கடனைப் பற்றியும் உபதேசியார் எவ்வளவு பேசியிருக்க முடியும்? பொறுமையாயிரு என்பது வேதத்தில் உண்டு. வேலைக்காரனின் கூலியை நிறுத்திவைப்பவனுக்கு எதிரான கடுமையான சொல்லும் யாக்கோபின் நிருபத்தில் உண்டு. முதலாவதைப் போதித்து இரண்டாவதை விட்டுவிட்டால் அதுவும் ஒருவகையில் குறைப்போதனையே. தாத்தாவின் புத்தகத்தில் யாக்கோபு ஐந்தாம் அதிகாரத்தின் ஓரத்தில் பென்சிலால் அழுத்திப் போட்ட ஒரு கோடு உண்டு. அவர் அதைப் பற்றி வெளியே பேசி நான் கேட்டதில்லை. கோடு மட்டும் இருக்கிறது.

ஆகவே, பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு நடப்பது மட்டும் காவலாகாது. ஆதிச்சபை இதை நன்றாக அறிந்திருந்தது. பெரோயா என்ற ஊரார், பவுல் அப்போஸ்தலரே வந்து போதித்தபோதும், அவர் சொன்னது சரிதானா என்று நாள்தோறும் வேதத்தைப் பார்த்துச் சோதித்தார்கள். அதற்காக அவர்களை அப்போஸ்தலர் நடபடிகள் குறைசொல்லவில்லை, புகழ்கிறது. அதே பவுல் எபேசுவின் மூப்பர்களிடம் விடைபெறும்போது, மந்தையைக் கெடுப்பவர்கள் வெளியிலிருந்து மட்டுமல்ல, உங்களுக்குள்ளிருந்தும் எழும்புவார்கள் என்று எச்சரித்துப் போகிறார்.

வித்துவான் குட்டியின் எழுப்புதல் நடந்த அதே 1873இல், கொன்ஸ்தாந்திநோப்பிளில் ஒரு பழைய கையெழுத்துச் சுவடி கண்டெடுக்கப்பட்டது. 1883இல் அது அச்சாயிற்று. 'திதகே' என்பார்கள், போதனை என்று பொருள். மிகப் பழைய கிறிஸ்தவ நூல்களுள் ஒன்று. ஊர் ஊராக வரும் போதகர்களை எப்படிச் சோதிப்பது என்று அதில் எளிமையான விதிகள் இருக்கின்றன. வருபவரை வரவேற்று உபசரியுங்கள். ஒருநாள் தங்கட்டும், தேவையானால் இரண்டு நாள். மூன்றாம் நாளும் இருந்தால் அவர் பொய்த்தீர்க்கர். புறப்படும்போது வழிக்கு அப்பம் கொடுங்கள். பணம் கேட்டால் அவர் பொய்த்தீர்க்கர். தான் போதிப்பதைத் தானே செய்யாதவரும் அப்படியே. தங்கி வாழ விரும்பினால் அவர் தொழில் செய்து சாப்பிடட்டும்.

இதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வேதனையும் வந்தது. பதினெட்டு நூற்றாண்டுகளுக்கும் முன்னரே எங்கள் லயத்தைக் கண்டுவிட்டு எழுதியது போலிருந்தது. பெரிய தத்துவம் ஒன்றும் வேண்டியதில்லை. எத்தனை நாள் தங்கினார், என்ன கேட்டார், எப்படி வாழ்ந்தார் என்று பார்த்தாலே போதும். நாங்கள் பார்க்கவில்லை.

ஏன் பார்க்கவில்லை என்பதற்கும் வரலாற்றில் பதில் உண்டு. 1907இலும் 1920இலும் வந்த சட்டங்கள் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைக்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்தின்மீது சுமத்தின. நடைமுறையில் பெரும்பாலும் ஒரு மடுவம், ஓர் ஆசிரியர், சில வகுப்புகள். பத்து வயதில் பிள்ளை கொழுந்துக்கோ புல்லுவெட்டுக்கோ போய்விடும். தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பெருமளவில் பொறுப்பேற்றது 1970களின் பிற்பகுதியில்தான். அதுவரை எங்கள் மக்களில் பலருக்கு வேதம் என்பது காதால் கேட்டு மனனம் செய்த வினாவிடை. வினாவும் அச்சில் இருந்தது, விடையும் அச்சில் இருந்தது. தங்கள் சொந்த வினாவைக் கேட்க அவர்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. நல்ல குரலில் வசனம் சொல்லும் எவரும் உபதேசியாராகத் தோன்றியதில் வியப்பில்லை. பெரியம்மாவைவிட எங்களிடமே குற்றம் அதிகம். வாசிக்கத் தெரிந்த நாங்கள் பெட்டியைத் திறக்காமலே இருந்துவிட்டோம்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். லயங்களுக்கு வந்த புதிய கூட்டத்தார் எல்லோரும் வஞ்சகர் அல்லர். குடித்துக் கெட்ட வீடுகளைத் தூக்கி நிறுத்தியவர்கள் அவர்களுள் உண்டு. பழைய சபைகள் மாதம் ஒருமுறை ஆராதனை நடத்திவிட்டுப் போனபோது, நோயாளியின் பக்கத்தில் இரவு முழுதும் இருந்து ஜெபித்தவர்கள் அவர்களே. பசியோடு இருந்த இடத்துக்கே வேறொருவர் சோறு கொண்டுவர முடிந்தது. அந்தச் சோற்றில் எது நல்லது, எது கெட்டது என்று பார்ப்பது ஒரு வேலை. பசியை உண்டாக்கியவர் யார் என்று கேட்பது இன்னொரு வேலை.

பேதுருவின் இரண்டாம் நிருபம் முடியும் இடத்தில் இரண்டு கட்டளைகள் அடுத்தடுத்து வருகின்றன. வஞ்சகத்தால் இழுக்கப்பட்டு உறுதியிலிருந்து விழாதபடி எச்சரிக்கையாயிருங்கள் என்பது ஒன்று. கிருபையிலும் அறிவிலும் வளருங்கள் என்பது மற்றொன்று. சிறுவயதில் இவற்றை இரண்டு தனித்தனி வேலைகளாக நினைத்தேன். எங்கள் பக்கத்துத் தவறணையில் வேலைசெய்த ஒரு கங்காணி எனக்கு வேறு விதமாகக் காட்டினார். தேயிலை நாற்றுக்கு மேலே பந்தல் போட்டு வெயிலை மறைப்பார்கள். ஆனால் நடுவதற்கு முன் அந்தப் பந்தலைக் கொஞ்சங்கொஞ்சமாகப் பிரித்து நாற்றை வெயிலுக்குப் பழக்குவார்கள். "எப்பவும் நெழல்ல வச்சா மலையில நிக்காது தம்பி" என்றார். வேர் பிடித்த நாற்று காற்றைத் தாங்கும். பிடிக்காததற்கு எவ்வளவு வேலி கட்டினாலும் பயனில்லை.

2000ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் நாங்கள் நான்கைந்து பேர் ஞாயிறு மாலைகளில் எங்கள் காம்பராவில் கூடி வாசிக்கத் தொடங்கினோம். பிரசங்கம் இல்லை, காணிக்கை இல்லை. ஒரு அதிகாரத்தை ஒருவர் வாசிப்பார். பிறகு ஒவ்வொருவரும் விளங்காத ஒன்றைக் கேட்க வேண்டும். விடை தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்வது என்று முடிவு செய்துகொண்டோம். பெரியம்மா அடுத்த காம்பராவில் படுத்திருப்பார். பலகைச் சுவர்தான், எல்லாம் கேட்கும்.

ஏழெட்டு வாரம் கழிந்திருக்கும். மாற்கு எழுதிய சுவிசேஷத்தின் பதின்மூன்றாம் அதிகாரத்தை வாசித்துக்கொண்டிருந்தோம். அந்த நாளையும் நாழிகையையும் வானத்தின் தூதர்களும் குமாரனும்கூட அறியார்கள் என்ற பொருள்பட வரும் இடம். சுவருக்கு அப்பாலிருந்து பெரியம்மாவின் குரல் வந்தது.

"தம்பி, அது அதுலயே இருக்கா?"

"இருக்கு பெரியம்மா."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "அப்ப அந்த ஆளு இத வாசிக்கலியா?" என்றார்.

வாசித்திருப்பார் என்றேன். "நாம வாசிக்கல" என்றார் பெரியம்மா.

அடுத்த ஞாயிறு ஒரு கோலை ஊன்றிக்கொண்டு வந்து எங்களோடு உட்கார்ந்தார். அவருக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் அன்று முதல் அவர் இறக்கும்வரை எங்கள் கூட்டத்தில் மிகுதியான கேள்விகளைக் கேட்டவர் அவரே. தாத்தாவின் புத்தகத்தில் பென்சில் கேள்விகளுக்குக் கீழே இப்போது நீலமையில் எழுதிய கேள்விகளும் இருக்கின்றன. கையெழுத்து என்னுடையது. கேள்விகள் பெரியம்மாவுடையவை. அவற்றுள் சிலவற்றுக்கு இன்னும் எனக்கு விடை தெரியாது.